நியுவே தீவும் ஒன்பதாவது வார்டும்

வளைகுடா நாடுகளில் தமிழர்கள் சேர்ந்து தங்கும் அறைகளில், ஆளுக்கொரு தலையணை இருக்கிறதோ இல்லையோ, அறைக்கொரு தூரப்பார்வைக்காரர் கட்டாயம் இருப்பார். மூட்டைப்பூச்சியையாவது மருந்தடித்து விரட்டலாம். இவரை முடியாது. மாதம் தவறாமல் வாடகையில் பங்கு கொடுப்பவர், ஐந்து வேளையும் தொழுபவர், யாரிடமும் சண்டைக்குப் போகாதவர்; என்ன சொல்லி வெளியேற்றுவது?

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். பக்கத்தில் இருப்பது எதுவும் இவர்கள் கண்ணில் படாது. நாலாயிரம் மைல் தாண்டினால்தான் பார்வை துலங்கும். மங்காஃபில் நான்காவது மாடிக்காரர் ஒருவர் இருக்கிறார். பின்லாந்துப் பள்ளிக்கூடங்களில் எந்த வயதில் எந்தப் பாடம் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தம் மகன் எத்தனாம் வகுப்பு என்று கேட்டால் மட்டும், "இருங்க, வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பார். சோஹார் துறைமுகத்தில் வேலை பார்க்கும் இன்னொருவர், ஜப்பான்காரன் ரயிலை எப்படி நொடி பிசகாமல் ஓட்டுகிறான் என்று விளக்கிக்கொண்டே, வாரத்தில் மூன்று நாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிடுகிறார்.

இவர்களெல்லாம் சாதாரண ரகம். உயர்ந்த ரகத்தைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் பஹ்ரைனின் மனாமாவுக்கு வர வேண்டும். குதைபியாவில், 'கோல்டு ஸ்டோர்' என்று பஹ்ரைன்வாசிகள் சொல்லும் ஒரு பெட்டிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஆறு பேர் தங்கும் அறையில், ஜன்னலோரக் கீழ்க்கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர்தான் சதக்கத்துல்லா. சொந்த ஊர் இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள சங்குப்பட்டினம். வயது ஐம்பத்திரண்டு. குழாய், வால்வு, பைப் விற்கும் ஒரு பெரிய கடையில் பத்தொன்பது வருடமாக மேனேஜர். எத்தனை மாடிக் கட்டடத்துக்கு எத்தனை இஞ்ச் பைப் என்று கான்ட்ராக்டர்கள் கேட்டால், கால்குலேட்டரைத் தொடாமலே சொல்லிவிடுவார். அந்த ஒரு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதைப் பற்றி அவர் அறையில் ஒரு நாளும் பேசியதில்லை.

அவர் பேசுவது நியுவேயைப் பற்றி.

நியுவே என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? என்னிடம் கேட்டீர்கள், பிழைத்தீர்கள். அறைக்குப் புதிதாக வந்த ஒருவர் ஒரு வியாழக்கிழமை மாலை அவரிடமே இதைக் கேட்டுவிட்டு, அன்று கடைக்குப் போய் வாங்க நினைத்திருந்த சோப்பை ஞாயிற்றுக்கிழமைதான் வாங்கினார். அது பசிபிக் கடலில், நியூசிலாந்துக்கு வடகிழக்கே கிடக்கும் ஒரு தனித்தீவு. பவளப்பாறை கடலுக்கு மேலே எழும்பி உண்டானது. ஜனத்தொகை ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்து எழுநூறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கிலிருந்து தன்னைத்தானே ஆண்டுகொள்கிறது; நியூசிலாந்தோடு ஒரு சுமுகமான ஒட்டுறவு. சட்டசபையில் இருபது பேர். பதினாலு கிராமத்துக்கு ஆளுக்கொருவர், மிச்சம் ஆறு பேரைத் தீவு முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. கேப்டன் குக் கப்பலில் வந்து மூன்று தடவை இறங்கப் பார்த்தார். மூன்று தடவையும் விரட்டிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் அவர் 'காட்டுமிராண்டித் தீவு' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். பொருளாதாரம் என்று பார்த்தால் தேன், சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு கிழங்கு, தபால்தலை, மீன்பிடி உரிமம், நியூசிலாந்து தரும் உதவி.

இவ்வளவுதான் விஷயம். நான் ஒரு பத்தியில் சொல்லிவிட்டேன். சதக்கத்துல்லா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பல்வலி வந்து கிளினிக்கில் காத்திருந்தபோது, போனில் எதையோ தேடப் போய் இந்தத் தீவு அவர் கையில் அகப்பட்டது. பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். தீவு தங்கிவிட்டது. அன்று முதல் உலகத்தில் எது நடந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "நியுவேயில என்ன பண்றான் தெரியுமா?" கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேரா? "நியுவேயில லிஃப்ட்டுக்கு வேலையே இல்லை, அதான் நிர்வாகம்!" குழம்பில் உப்பு கூடிப்போனதா? "அந்த ஜனம் கிழங்கை அவிச்சு அப்படியே சாப்பிடுது, வியாதியே கிடையாது." யாருக்காவது லீவு கிடைக்கவில்லையா? "அங்க மொத்த ஜனமும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகலாம், சபையை ஒத்திவெச்சுடுவான்." கடைசியில் சொன்னது உண்மைதானா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. நிபுணராகி மூன்று வருடமான பிறகு சொந்தமாகவும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள உரிமை வந்துவிடுகிறதல்லவா?

இதில் வேடிக்கை என்னவென்றால், மேல்கட்டிலில் படுப்பவர் ஆனந்தராசா. மராமத்துக் கம்பெனியில் பிளம்பிங் சூப்பர்வைசர். நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவர். அதாவது யாழ்ப்பாணத்துக்கு அப்பால் படகேறிப் போக வேண்டிய அசல் தீவிலிருந்து வந்த அசல் தீவுக்காரர். தீவு என்றால் என்ன, படகு வராத நாளில் மருந்துக்கு என்ன செய்வது, கிணற்றில் உப்புத் தண்ணீர் ஊறினால் எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரே ஒரு முறை அவர் வாயைத் திறந்தார்.

"அண்ணை, எங்கட தீவிலையும் உந்தப் பவளக் கல்லுத்தான். கல்லை அடுக்கித்தான் வேலி கட்டுறது. நல்ல தண்ணிக்கு நாங்கள் படுற பாடு..."

"அது வேற தீவு, ஆனந்தராசா" என்றார் சதக்கத்துல்லா. "நான் சொல்றது சுயாட்சி உள்ள தீவு."

ஆனந்தராசா அதோடு தம் தீவுப் பேச்சை மூட்டை கட்டிவிட்டார். சதக்கத்துல்லா பத்தொன்பது வருடமாக மூன்று வேளை சோறு தின்பதும் பஹ்ரைன் என்ற ஒரு தீவில்தான் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தவும் யாரும் துணியவில்லை. அந்தத் தீவில் அவருக்குத் தெரிந்த இடங்கள் நான்கு: கடை, அறை, பள்ளிவாசல், விமான நிலையம்.

சரி, ஒரு மனிதனுக்கு ஒரு பைத்தியம் இருந்துவிட்டுப் போகட்டும், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் சங்குப்பட்டினத்தில் இருந்த ஒருவருக்கு. அவர் மனைவிக்கு; பெயர் சித்தி மரியம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்ததும், சதக்கத்துல்லா அந்த வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போடுவார். கட்டிலில் போர்வையை நாலாக மடித்து விரித்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைமேல் சாய்த்து வைத்து, வீட்டுக்குப் பேசுவார். ஆறு பேர் இருக்கும் அறையில் ரகசியம் ஏது? ஒருவர் வீட்டுச் சங்கதி மற்ற ஐந்து பேருக்கும் பொதுச் சொத்து. ஆகவே, சித்தி மரியம் என்ன கேட்டார் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரைத் தவிர.

அவர் கேட்டது இதுதான். சங்குப்பட்டினம் பேரூராட்சியில் அவர்கள் தெரு ஒன்பதாவது வார்டு. அந்த வார்டில் நாலு மாதமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாலு நாளைக்கு ஒரு முறை லாரி வரும். அதற்குக் குடங்களை முந்தின நாளே வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருக்க வேண்டும். இந்த முறை வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். தெருவில் பாதி வீட்டில் ஆண்கள் கடல் கடந்து இருக்கிறார்கள். மிச்ச வீட்டில் இருக்கும் ஆண்கள் மிச்சம்தான். மனு எழுதுவது, தாலுகா ஆபீஸுக்கு நடப்பது, கரண்ட் ஆபீஸில் சண்டை போடுவது எல்லாம் சித்தி மரியம்தான் பார்த்து வந்தார். தெருப் பெண்கள் ஒன்று கூடி, "நீதான் நிக்கணும்" என்று பிடித்துக்கொண்டார்கள். அவருக்கும் ஆசைதான். ஆனால் கட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிற்பதற்கு மனம் ஒப்பவில்லை. வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் மூன்றாவது வெள்ளிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. கையில் இருந்தது மூன்று வெள்ளிக்கிழமை.

முதல் வெள்ளி. "ஏங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளு, அதுக்கு முன்னாடி இதைக் கேளு. நியுவேயில போன மாசம்..."

நான்கு சட்டை இஸ்திரியாகி முடிந்தது. "சரி மரியம், அஸர் தொழுகைக்கு நேரமாச்சு, வெச்சுடவா?" என்றார். போன் நின்றது. மேல்கட்டிலில் ஆனந்தராசா பெருமூச்சு விட்டார்.

இரண்டாம் வெள்ளி. சித்தி மரியம் முன்னுரை இல்லாமல் நேராக இறங்கினார். "ஏங்க, நம்ம வார்டு இந்த வாட்டி பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாக. தெருவுல எல்லாரும் என்னைய..."

'வார்டு' என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது. விழுந்ததுதான் தாமதம்.

"வார்டா? நீ வார்டைப் பத்திப் பேசுறே! அங்க கிராமத்துக்கு ஒரு மெம்பர். ஒரு கிராமத்துல மொத்தமே நூறு பேர்தான் ஓட்டுப் போடுவான். மெம்பர்னா கதவைத் தட்டினா வெளியே வரணும். நம்மாளுக்கு இது வருமா? நம்ம ஊர்ல எவன் மெம்பர்னு எவனுக்காவது தெரியுமா?"

"அதைத்தாங்க நானும்..."

"நடுவுல பேசாதே, மறந்துடுவேன்."

அறையில் இருந்த இர்ஷாத் சித்தி மரியத்துக்குத் தூரத்து உறவில் தம்பி, அதே தெருக்காரன்; அக்காவை 'லாத்தா' என்பான். அன்று சாயங்காலம் தேநீர் ஊற்றும்போது பொறுக்க முடியாமல் ஆரம்பித்தான். "மச்சான், லாத்தா உங்ககிட்ட ஒண்ணு கேக்குறாக. எலெக்சன்ல..."

"எலெக்சன்! நல்ல வேளை ஞாபகப்படுத்தினே. அங்க கட்சி கிடையாதுப்பா, இர்ஷாத். ஒவ்வொருத்தனும் தனியாத்தான் நிக்கிறான்."

இர்ஷாத் தேநீரை ஊற்றிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

மூன்றாம் வெள்ளி. இதற்குள் சித்தி மரியம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இருபத்தைந்து வருடம் ஒரு மனிதரோடு, அதாவது அவருடைய குரலோடு, குடும்பம் நடத்தியவருக்கு எந்தக் கதவு உள்ளே திறக்கும், எது வெளியே திறக்கும் என்று தெரியாதா? அன்று அவர் வார்டைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீரைப் பற்றியும் பேசவில்லை.

"ஏங்க, அந்தத் தீவுல சபையில பொம்பளைக இருக்காகளா?"

இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. மூன்று வருடத்தில் மனைவி நியுவேயைப் பற்றித் தானாக ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. சதக்கத்துல்லாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கண் கலங்கியேவிட்டது.

"இருக்காங்களாவா? ஜெயிச்சு வந்து உட்கார்ந்து கேள்வி கேக்குறாங்க மரியம்!"

"புருஷன்மார் வெளியூர்ல இருந்தா?"

"இருந்தா என்ன? பாதி ஜனத்துக்கு மேல நியூசிலாந்துலதான் வேலை பாக்குது. அவன் அவன் பொழைப்பை அவன் அவன் பாக்குறான். ஊரை யாராவது பாக்கணும்ல? ஊர்ல இருக்கிறவதான் பாப்பா."

"புருஷன் வேணாம்னு சொல்ல மாட்டாகளா?"

"எந்த முட்டாப்பய சொல்லுவான்?"

"அப்ப நம்ம ஊர்ல நானே நிக்கணும்னா?"

"தாராளமா நில்லேன்! எவன் தடுத்தான்? அந்த மனசு நமக்கு வரணும், அதைத்தானே நான் மூணு வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன்!"

உதாரணத்துக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அறிவாளிகளிடம் ஜனங்கள் உதாரணங்கள்தானே கேட்பார்கள்? ஆறாவது கட்டில்காரர் மென்றுகொண்டிருந்த பேரீச்சம்பழத்தை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சித்தி மரியம் போனில். "இர்ஷாத், நீ அங்கதானே இருக்கே? கேட்டுச்சா?"

"கேட்டுச்சு லாத்தா!"

"ஓம் தங்கச்சி, எனக்கும் கேட்டது" என்றார் ஆனந்தராசா, யாரும் கேட்காமலே.

தம்முடைய பேச்சு எடுபட்டுவிட்டது என்று சதக்கத்துல்லா புன்னகையோடு காலரைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போட்டார். செவ்வாய்க்கிழமை சித்தி மரியம் மனுத்தாக்கல் செய்தார். சுயேச்சை. சின்னம், குழாய்.

அதற்குப் பிறகாவது இவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தெரிந்துகொள்ள எல்லா வசதியும் இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் படங்கள் வந்தன. ஆனால் இந்த இனத்தார் குழுக்களில் போடுவார்கள், பார்க்க மாட்டார்கள். காலையில் நியுவேயின் தேன்கூட்டுப் படம், மத்தியானம் நியுவேயின் தபால்தலை, மாலையில் நியுவேயின் சூரிய அஸ்தமனம். ஒரு நாள் சித்தி மரியத்தின் போஸ்டரை யாரோ குழுவில் போட்டார்கள். பச்சை எழுத்தில் பேர், மேலே முக்காடிட்ட படம், கீழே பெரிதாகக் குழாய். சதக்கத்துல்லாவின் விரல் ஓடிக்கொண்டே இருந்தது; குழாயைக் கண்டதும் மட்டும் நின்றது. பத்தொன்பது வருடத் தொழில் புத்தி சும்மா இருக்குமா? உடனே கீழே எழுதினார்: "இந்த மாடலை யாரும் வாங்க வேண்டாம். வாஷர் ஆறே மாதத்தில் தேய்ந்துவிடும்."

குழுவில் அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுவதைப் பார்த்து, தமக்கு நகைச்சுவையும் வருகிறது என்று அவர் அறிந்துகொண்டார். எதிர்த்து நின்றவர்கள் அந்த வரியைப் பிரதி எடுத்துத் தெருவெல்லாம் காட்டினார்களாம். "புருஷனே வேணாம்ங்குறாரு, நீங்க எதுக்கு ஓட்டுப் போடுறீங்க?" சித்தி மரியம் வீடு வீடாகப் போய் அதற்கும் பதில் சொன்னார். "அவுக குழாயைத்தான் சொல்றாக. என்னையக் கவனிக்கிற வழக்கம் அவுகளுக்கு இல்லை." அந்தத் தெருவில் அது எல்லாப் பெண்களுக்கும் புரிந்தது. சொல்லப்போனால், பிரசாரத்திலேயே பலமான வாக்கியம் அதுதான் என்று இர்ஷாத் இன்றைக்கும் சொல்கிறான்.

முடிவு வந்த நாள், சதக்கத்துல்லா கடையில் ஒரு கேரளத்துக் கான்ட்ராக்டருக்கு வால்வு காட்டிக்கொண்டிருந்தார். சங்குப்பட்டினத்துக்காரரும் குதைபியாவில் துணிக்கடை வைத்திருப்பவருமான முகம்மது சித்தீக், ஒரு டப்பா அல்வாவோடு உள்ளே வந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"முபாரக், சதக்கத்துல்லா! நாப்பத்தொரு ஓட்டு வித்தியாசம்! நம்ம தெருவுக்கே பெருமை!"

"நியுவேயிலயா?" என்றார் சதக்கத்துல்லா.

சித்தீக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அல்வா டப்பாவைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

அன்று மாலை அறையில் இடி விழுந்தது.

"யாரைக் கேட்டு நின்னா? எவன் சொல்லி நின்னா? ஊர் சிரிக்காது? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"உங்களைத்தான் கேட்டவ அண்ணை" என்றார் ஆனந்தராசா, மேல்கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "மூண்டு வெள்ளிக்கிழமை கேட்டவ. நீங்கள்தான் தாராளமா நில் எண்டு சொன்னியள். எந்த முட்டாள் தடுப்பான் எண்டும் கேட்டனீங்கள்."

"அது... அது நியுவேக்குச் சொன்னது!"

"லாத்தா சங்குப்பட்டினத்துல நின்னுட்டாக மச்சான்" என்றான் இர்ஷாத். "இப்ப என்ன பண்றது?"

என்ன பண்ணுவார்? அந்த மனிதருக்குக் கோபம் ஒரு ராத்திரிதான் தாங்கியது. விடிந்ததும் வேறு ஆளாக எழுந்தார். கவுன்சிலர் புருஷன்! சித்தீக் கொடுத்த அல்வாவைத் தாமே கொடுப்பதுபோலக் கட்டடம் முழுவதும் கொடுத்தார். கீழே கோல்டு ஸ்டோர் மலையாளிக்கும் ஒரு துண்டு. "மூணு வருஷமா நான் போட்ட விதை" என்று எல்லோரிடமும் சொன்னார். அது பொய் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அது உண்மை என்று சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. வெட்கம் என்ற ஒன்று இந்த இனத்துக்குக் கொடுத்து வைக்கவில்லை. இரண்டே நாளில், ஒன்பதாவது வார்டைச் சீர்திருத்தப் பதினெட்டுப் பக்கத் திட்டம் ஒன்றை நோட்டில் எழுதி முடித்தார். வார்டுக்கு இருபது பேர் கொண்ட சபை. வீட்டுக்கு வீடு தேனீ வளர்ப்பு. வார்டின் பேரில் தபால்தலை. தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நாலு மாதமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது அவருக்குச் சத்தியமாகத் தெரியாது.

ஒரு மாதம் போயிருக்கும். வெள்ளிக்கிழமை. இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. அன்று இவர் கூப்பிடும் முன்பே அங்கிருந்து போன் வந்தது. ஊரில் மணி நாலாகப் பத்து நிமிடம்.

"ஏங்க, அவசரமா ஒண்ணு கேக்கணும். நாலு மணிக்குக் கூட்டம். நம்ம தெருவுக்குப் புதுக் குழாய் போடத் தீர்மானம் வருது. ஒண்ணரை இஞ்ச் பைப் போதும்னு கான்ட்ராக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. தலைவரும் சரின்னுட்டாரு. எழுபது வீடு, தெருக்கோடி வரைக்கும் அரை கிலோமீட்டர். எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு. இது உங்களுக்குத்தான் தெரியும். ஒண்ணரை இஞ்ச் பத்துமா, பத்தாதா? பத்தாதுன்னா நான் இப்பவே எந்திரிச்சுச் சொல்லணும். இன்னைக்குக் கையைத் தூக்கிட்டா அப்புறம் இருபது வருஷத்துக்கு அதே பைப்புதான்."

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அந்த அம்மாள் கேட்ட கேள்விகளிலேயே, உலகத்தில் சதக்கத்துல்லாவை விட நன்றாக யாரும் பதில் சொல்ல முடியாத கேள்வி இதுதான். கடையில் யாராவது இதைக் கேட்டிருந்தால், கேட்டவர் வாயை மூடும் முன் பதில் வந்திருக்கும். அவருக்குத் தெரியும். கேட்டவுடனே தெரிந்துவிட்டது. எழுபது வீட்டுக்கு ஒன்றரை இஞ்சா, எந்தக் களவாணிப்பயல் எழுதிக் கொடுத்தான் என்று உள்ளுக்குள் கொதித்ததும் நிஜம். பதில் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தார்.

"மரியம், நல்ல கேள்வி. இதை நீ அடியிலேருந்து பாக்கணும். நியுவேயில தண்ணி எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறே? ஆறே கிடையாது. ஒரு ஓடைகூடக் கிடையாது..."

"ஏங்க, பத்துமா பத்தாதா?"

"வர்றேன், அதுக்குத்தான் வர்றேன். மழைத் தண்ணி பவளப்பாறையில இறங்கி, அடியில போய்..."

"கூட்டத்துக்குக் கூப்பிடுறாக."

"...ஆழத்துல தேங்கி நிக்குது. அதைத் துளை போட்டு..."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சித்தி மரியம் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"அந்த யாழ்ப்பாணத்து அண்ணன் பைப் வேலைதானே பாக்குறாக? இருக்காகளா?"

மேல்கட்டிலில் ஆனந்தராசா எழுந்து உட்கார்ந்தார். சதக்கத்துல்லாவைப் பார்த்தார். சதக்கத்துல்லா போர்வைமேல் கிடந்த சட்டையைப் பார்த்தார். போன் தலையணைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது. ஆனந்தராசா குனிந்து பேசினார்.

"தங்கச்சி, ஒண்டரை இஞ்சி காணாது. முதல் பத்து வீட்டுக்குத்தான் வரும், தெருக்கோடியிலை சொட்டும் வராது. மூண்டு இஞ்சிக்குக் குறைய விடாதேங்கோ. நடுவிலை ரெண்டு இடத்திலை வால்வும் கேளுங்கோ."

"மூணு இஞ்ச், ரெண்டு வால்வு. சரிண்ணே. ரொம்ப நன்றி."

போன் நின்றுவிட்டது. மொத்தம் அரை நிமிடம்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் சதக்கத்துல்லா.

அது உண்மை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது உண்மை என்று தெரியும். அதனால்தான் ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று வருடமாக அவரைக் கேலி செய்தே பொழுது போக்கிய இர்ஷாத்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து மறுபடியும் மடித்தான். சதக்கத்துல்லா இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். இருபத்தைந்து வருடத்தில் அவள் ஒரு தடவையாவது அவரிடம் ஒன்றைக் கேட்டு, அவர் அதைக் கொடுத்திருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கேட்டவை ஞாபகம் இருந்தால்தானே கொடுத்தவை ஞாபகம் வரும்?

ஒன்பதாவது வார்டுக்கு மூன்று இஞ்ச் பைப் வந்துவிட்டது. இரண்டு வால்வும் வந்தது. தெருக்கோடி வீடு வரைக்கும் தண்ணீர் போகிறதாம். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சதக்கத்துல்லா கூப்பிட்டால், சித்தி மரியம் பாதி நாள் போனை எடுப்பதில்லை. கூட்டம், மனு, மேல்நிலைத் தொட்டியில் ரிப்பேர். எடுத்தாலும், "என்னங்க, சாப்பிட்டீகளா? நல்லாயிருக்கீகளா? சரி, அப்புறம் பேசுறேன்" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறார். கணவரிடம் இப்போது கேட்பதற்கு அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வாரமே கிரீன்லாந்தில் ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இப்படியும் ஒரு மனிதன் உண்டா என்று தலையை ஆட்டுகிறீர்கள். எங்கேயோ குதைபியாவில், இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு சதக்கத்துல்லாவைப் பற்றி இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். அவர் மனைவி எத்தனை ஓட்டில் ஜெயித்தார், எத்தனை இஞ்ச் பைப் வாங்கினார் என்பதுவரை சொல்வீர்கள். அது இருக்கட்டும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, பாதி வழியில், பக்கத்திலிருந்து உங்களிடம் யாரோ எதையோ கேட்டார்கள். கண்ணை எடுக்காமல் நீங்களும் "ம்" என்றீர்கள்.

எதற்கு "ம்" என்றீர்கள்?